முருங்கைக்காய்க்கும் நலச் சான்றிதழ்



தாராபுரத்திலிருந்து மூலனூர்ப் பக்கம் போனால், வறண்ட நிலங்களில் முருங்கைத் தோட்டங்களைப் பார்க்கலாம். காய்ப்புக் காலத்தில் உழவர்கள் காலையிலேயே காய்களைப் பறித்துக் கட்டுகளாகக் கட்டி மண்டிக்குக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து அவை லாரி ஏறிப் பல ஊர்களுக்கும் செல்லும். தமிழர்கள் வாழும் வெளிநாடுகளிலும் சாம்பாருக்கு முருங்கைக்காய் வேண்டுமல்லவா? ஆகவே தமிழ்நாட்டு முருங்கைக்காய் விமானமும் ஏறுகிறது.

லாரி ஏறும் காயை யாரும் எதுவும் கேட்பதில்லை. விமானம் ஏறும் காயைப் பார்த்து, "உனக்கு நோய் நொடி இல்லை என்பதற்குச் சான்று எங்கே?" என்று கேட்கிறார்கள். இது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. தாவர நலச் சான்றிதழ் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. வணிகர்கள் அதைப் 'பைட்டோ' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 'பைட்டோசானிட்டரி' என்னும் சொல்லின் முதற்பகுதி அது. 'பைட்டோ' என்றால் கிரேக்க மொழியில் தாவரம்.

மனிதனுக்கு நோய் வந்தால் மருத்துவரிடம் போகலாம். பறித்த காய் மறுநாள் சாம்பாரில் வெந்துவிடப் போகிறது. அதற்கு எதற்குச் சான்றிதழ்? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் நம் பகுதிக்கு அழையாமல் வந்த ஒரு விருந்தாளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழையாத விருந்தாளி

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்தது. இலைகள் சுருண்டன. காய்கள் பழுக்காமலே உதிர்ந்தன. அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அதுவரை இந்தியா அதைக் கண்டதில்லை. கோவையோடு நிற்காமல் அண்டை மாவட்டங்களுக்கும் பரவியது. பப்பாளியை மட்டுமா தாக்கியது? மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் தாக்கியது.

மெக்சிகோவில் இதே பூச்சி ஏன் இவ்வளவு பெரிய தொல்லையாக இல்லை? அங்கே அதைத் தின்று அடக்கும் இயற்கை எதிரிகள் உண்டு. நம் நாட்டிற்கு வந்தபோது பூச்சி மட்டும் வந்தது, எதிரிகள் வரவில்லை. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். தடுப்பார் யாருமில்லை. பெருகுவதற்குக் கேட்கவா வேண்டும்?

மருந்து தெளித்தும் முழுமையாக அடங்கவில்லை. பூச்சியின் உடலை மூடிய மெழுகு மாவு மருந்தை உள்ளே விடவில்லை. கடைசியில் 2010ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகள் பற்றிய தேசிய நிறுவனம், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மிகச் சிறந்த வேலை செய்தது. கொசுவை விடச் சிறிய அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். தோட்டங்களில் குளவிகளை விட்ட சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நன்மை செய்ய வந்த அந்தக் குளவிகளும் நேரே தோட்டத்துக்குப் போகவில்லை. அவை நம் நாட்டுப் பட்டுப்புழு, தேனீ போன்றவற்றுக்குக் கேடு செய்யுமா என்று மூடிய ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள்.

2016ஆம் ஆண்டு இன்னொரு விருந்தாளி வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைகளில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈதான் அது. இலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற திரவத்தைச் சொட்டவிடும். அந்தத் திரவத்தின்மேல் கரும்பூசணம் வளர்ந்து, ஓலைகள் கரி பூசியதுபோலாகிவிடும். தாராபுரம், உடுமலை, காங்கயம் பகுதியில் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சான்றிதழ் காயைச் சாப்பிடுகிறவருக்காக அல்ல. காய் போய்ச் சேரும் நாட்டின் தோட்டங்களுக்காக. ஒரு பெட்டிக் காயில் ஒளிந்துபோகும் ஒரே ஒரு பூச்சி, அங்கே எதிரியற்ற அரசனாகிவிடலாம்.

பழைய பாடங்கள்

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. இன்று இலங்கை என்றால் தேயிலை நினைவுக்கு வரும். 150 ஆண்டுகளுக்கு முன் அது காப்பி நாடு. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்குள்ள காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். 1869இல் அங்கே காப்பி இலைத் துரு நோய் தோன்றியது. இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படியும். பிறகு இலை உதிரும். அது ஒரு பூசணம். இருபது ஆண்டுகளில் காப்பித் தொழில் சரிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது.

அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த திராட்சைக் கொடிகளோடு பைலோக்சரா என்ற சின்னஞ்சிறு பூச்சி பிரான்சுக்கு வந்து, வேர்களைத் தாக்கித் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒரு நாடு மட்டும் கதவை மூடினால் போதாது என்று அப்போது புரிந்தது. 1881இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அந்த வழியில் வளர்ந்ததுதான் 1951ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பினர்.

நம் பருத்தி நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அமெரிக்கப் பருத்தியோடு மெக்சிகோவின் காய்க் கூன்வண்டு வந்துவிடக் கூடாது என்று, 1906லேயே இறக்குமதிப் பருத்திப் பொதிகளுக்கு நச்சுப்புகை இடவேண்டும் என இந்திய அரசு ஆணையிட்டது. 1914இல் கேடுசெய் பூச்சிகள், பீடைகள் சட்டம் வந்தது. 1919இல் சென்னை மாகாணமும் பயிர்ப் பூச்சி, நோய்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அந்தக் கூன்வண்டு இன்றுவரை இந்தியாவில் இல்லை. திருப்பூரில் பின்னல் எந்திரங்கள் ஓடும் ஓசைக்குப் பின்னால், வராமல் தடுக்கப்பட்ட இந்த வண்டின் கதையும் இருக்கிறது. வந்த பூச்சி செய்தியாகும். வராத பூச்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

தாவர நலச் சான்றிதழைத் தனியார் எவரும் தர முடியாது. அது ஓர் அரசு இன்னோர் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு. இந்தியாவில் பரிதாபாத்தில் தலைமையிடம் கொண்ட பயிர்ப் பாதுகாப்பு, தொற்றுத்தடை, சேமிப்பு இயக்ககம் இதற்குப் பொறுப்பு. தமிழ்நாட்டில் சென்னை மீனம்பாக்கத்திலும் தூத்துக்குடியிலும் இதன் நிலையங்கள் உள்ளன.

சான்றிதழில் என்னென்ன இருக்கும்? அனுப்புகிறவர், பெறுகிறவர், பெட்டிகளின் எண்ணிக்கை, அடையாளக் குறி, விளைந்த இடம், போகும் வழி, நுழையும் துறைமுகம் ஆகியவை இருக்கும். பொருளின் பெயரோடு தாவரவியல் பெயரும் இருக்கும். முருங்கைக்காய் ஊருக்கு ஊர் வேறு பெயரில் வழங்கலாம். மொரிங்கா ஒலிபெரா என்றால் உலகம் முழுவதும் ஒரே தாவரம்தான். நீங்கள் தாவரவியல் வகுப்பில் மனப்பாடம் செய்யும் அந்த இரு சொற்பெயர் இங்கே ஒரு சட்டப்பூர்வமான அடையாளம்! கடைசியாக, சரக்கை முறைப்படி ஆய்வு செய்ததில் இறக்குமதி நாடு அஞ்சும் பூச்சி, நோய்கள் இல்லை என்ற உறுதிமொழியும், மருந்தோ வெப்பமோ கொடுத்திருந்தால் அதன் அளவும் நேரமும் நாளும் இருக்கும்.

இந்தச் சான்றிதழ் சொல்லாத செய்திகளையும் தெரிந்துகொள்ளுங்கள். காய் சுவையானதா, முற்றியதா என்று அது சொல்லாது. காயில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்பதும் வேறு சோதனை. இங்கேதான் ஏற்றுமதியாளருக்கு இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. பூச்சி இருக்கக் கூடாது என்று அறுவடைக்கு முன் மருந்தைத் தாறுமாறாக அடித்தால், மருந்து எச்சச் சோதனையில் சரக்கு தோற்றுவிடும். மருந்தையே தொடாவிட்டால் புழு தங்கிவிடும். ஆகவே நலம் தோட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் இது வேண்டுமா? நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் முதல் ஏறத்தாழ எல்லாப் புதுக் காய்கனிகளுக்கும் சான்றிதழ் கேட்கிறது. ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. தேங்காய் சான்றிதழ் இல்லாமல் போகலாம். முருங்கைக்காய் போக முடியாது!

ஆய்வாளர் என்ன பார்க்கிறார்?

முருங்கையில் காய் ஈ என்று ஒன்று உண்டு. மஞ்சள் நிறம், சிவந்த கண்கள் கொண்ட சிறிய ஈ அது. பிஞ்சுக் காயின் வரிப்பள்ளத்தில் முட்டையிடும். புழு உள்ளே சென்று சதையைத் தின்னும். காயில் பிசின் வடியும். நுனியிலிருந்து காய்ந்து வெடிக்கும். பிறகு புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். ஆனால் முட்டையிட்ட சில நாட்களில் பறித்த காய் பார்வைக்கு முழு நலத்தோடு இருக்கும். இதுதான் சிக்கல்.

ஆய்வாளர் பெட்டிகளில் சிலவற்றை முன்னேற்பாடு இல்லாமல் தேர்ந்தெடுத்துத் திறக்கிறார். காய்களை வெண்ணிறப் பரப்பில் தட்டி, விழுவது என்ன என்று பார்க்கிறார். கைலென்ஸால் வரிப்பள்ளங்களையும் காம்பையும் நோக்குகிறார். ஐயமுள்ளதைப் பிளந்து பார்க்கிறார். புழு கிடைத்தால் அது எந்த இனம் என்பது எளிதில் தெரியாது. பல ஈக்களின் புழுக்கள் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அதை வளர்த்து, ஈயாக வெளிவந்த பிறகு இனம் காண்பது வழக்கம். இப்போது மரபணுச் சோதனையும் துணைக்கு வந்திருக்கிறது.

எல்லாக் காயையும் பிளந்து பார்த்தால் ஏற்றுமதி செய்யக் காய் இருக்காது. ஆகவே மாதிரி எடுக்க வேண்டும். எத்தனை எடுத்தால் போதும்? இங்கே உங்கள் கணக்குப் பாடம் உதவிக்கு வருகிறது.

பெரிய சரக்கு ஒன்றில் நூற்றுக்கு ஒரு காயில் புழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி ஒரு காய் எடுத்தால், அது நல்ல காயாக இருக்கும் வாய்ப்பு 0.99. இரண்டு காயும் நல்லதாக இருக்கும் வாய்ப்பு 0.99 × 0.99, அதாவது 0.98. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 10 காயும் நல்லதாக அமைய வாய்ப்பு 0.90, 100 காயும் நல்லதாக அமைய 0.37, 300 காய்க்கு 0.05. அதாவது 100 காய் பார்த்து, "புழுவே இல்லை" என்று சொல்லும் ஆய்வாளர், இப்படிப்பட்ட சரக்குகளில் மூன்றுக்கு ஒன்றுக்கு மேல் தவறவிடுவார். 300 காய் பார்த்தால் இருபதில் ஒன்றைத்தான் தவறவிடுவார்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் ஐயம் முழுவதும் நீங்காது, குறையும், அவ்வளவே. இரண்டாவது, புழு எவ்வளவு அரிதோ அவ்வளவு பெரிய மாதிரி வேண்டும். ஆயிரத்தில் ஐந்து காயில் மட்டும் புழு இருந்தால், அதே நம்பிக்கையைப் பெற 300 போதாது. 600 காய் பார்க்க வேண்டும்.

வெப்பம், கதிர், புகை

சில சரக்குகளுக்குக் கண்ணால் பார்ப்பது போதாது. உள்ளிருக்கும் முட்டையையும் அழிக்க வேண்டும்; பொருளும் கெடக் கூடாது. மாம்பழத்தைக் குறித்த வெப்பமுள்ள நீரில் குறித்த நேரம் அமிழ்த்தும் முறை ஒன்று. பழ ஈயின் முட்டைக்குத் தாங்க முடியாத சூட்டைப் பழம் தாங்கிக்கொள்ளும். அந்தச் சிறு இடைவெளிதான் இந்த முறையின் அடிப்படை. சூடு கொஞ்சம் குறைந்தால் புழு பிழைக்கும். கொஞ்சம் கூடினால் பழம் வெந்துவிடும். 2007 முதல் அமெரிக்காவுக்குச் செல்லும் இந்திய மாம்பழத்துக்குக் காமா கதிர் கொடுக்கிறார்கள். அளவு 400 கிரே. பூச்சி அங்கேயே செத்து விழ வேண்டும் என்பதில்லை. இனம் பெருக்க முடியாமல் போனாலே போதும்.

மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவளியால் புகையிடும் முறை பழையது. அந்த வளி காற்று மண்டலத்தின் ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி மற்றப் பயன்கள் கைவிடப்பட்டன. தாவரத் தொற்றுத்தடைக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. அதையும் குறைக்க வேறு வழிகளைத் தேடி வருகிறார்கள்.

துகளுக்கும் பலகைக்கும்

தாராபுரம், காங்கயம், பொள்ளாச்சி வட்டாரங்களில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் துகள் ஒரு காலத்தில் சாலையோரம் குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்க்கிறார்கள். துகள் உயிரற்ற பொருள்தானே, அதற்கு என்ன ஆய்வு என்கிறீர்களா? வெறுந்தரையில் உலர்த்தினால் மண்ணும் கோரைக் கிழங்கும் களை விதைகளும் நூற்புழுவும் அதோடு கலக்கும். ஒரு கைப்பிடி மண் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரினக் காட்சிச்சாலை. ஆகவே சிமென்ட் களத்தில் உலர்த்துவது அழகுக்காக அல்ல.

பனியனுக்கு நோய் வராது. ஆனால் சரக்கை அடுக்கும் மரப்பலகைத் தட்டுக்கு வரும். மரத்துக்குள் துளையிடும் வண்டுகள் இவ்வழியாகக் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கின்றன. அதனால் 2002இல் ஒரு பன்னாட்டு விதி வந்தது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்ற வேண்டும். அல்லது புகையிட வேண்டும். அப்படிச் செய்த மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை குத்துவார்கள். சரக்குக் கிடங்குகளில் மரத் தட்டுகளைக் கண்டால் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

வாக்குத் தவறினால்

2013ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் காய்கனிச் சரக்குகளில் 207இல் பழ ஈ முதலிய பூச்சிகளை அங்குள்ள அலுவலர்கள் கண்டுபிடித்தார்கள். விளைவு, 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய ஐந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. மாம்பழப் பருவத்தின் நடுவில் வந்த அடி அது. பூச்சியே இல்லாமல் அனுப்பியவரும் கவனமில்லாமல் அனுப்பியவரும் ஒன்றாகவே அகப்பட்டார்கள். பிறகு, அனுமதி பெற்ற சிப்பம் கட்டும் நிலையங்களின் வழியாகவே அனுப்ப வேண்டும், அங்கேயே ஆய்வு நடக்க வேண்டும் என்று ஏற்பாடுகள் இறுகின. 2015 ஜனவரியில் மாம்பழத் தடை நீங்கியது. காய்கறிகள் இன்னும் நெடுநாள் காத்திருந்தன.

இதைக் கேட்கும்போது, பணக்கார நாடுகள் வேண்டுமென்றே நம் பொருளைத் தடுப்பதாகத் தோன்றலாம். அப்படி நடக்காதிருக்க 1995இல் உலக வணிக அமைப்பின் விதி ஒன்று வந்தது. தடை விதிக்கும் நாடு அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். நம் தென்னைக்கு வெள்ளை ஈ வந்தபோது நமக்கு ஏற்பட்ட வருத்தத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் தோட்டத்துக்கும் அதே நியாயம்தான்.

நீங்களும் செய்யலாம்

1000 வெள்ளை மொச்சை விதைகளோடு மை தடவிய 10 விதைகளைக் கலந்து ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் 30 விதை எடுங்கள். மை விதை வந்ததா என்று எழுதிவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். 20 முறை செய்யுங்கள். ஏறத்தாழ 15 முறை ஒரு மை விதையும் அகப்படாது! ஆய்வாளரின் தொல்லை அப்போது உங்களுக்குப் புரியும்.

முருங்கைத் தோட்டம் உள்ளவர்கள் உதிர்ந்த காய்களை அப்படியே விடாமல் பொறுக்கி அழிக்க உதவுங்கள். மண்ணில் விழும் புழு அடுத்த தலைமுறை ஈயாக எழும்பாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை. காசும் செலவில்லை. மரத்தில் இதுவரை காணாத பூச்சி தென்பட்டால் வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்போடு ஒரு செடியோ விதையோ பழமோ பையில் போட்டுக்கொண்டு வர நினைத்தால், அனுமதியும் ஆய்வும் இல்லாமல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மரியாதைக் குறைவாகாது. அந்தச் செடியோடு வரும் பூச்சிக்கு நம் ஊரில் எதிரி இருக்காது என்பதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.